துணிப்பையின் அருகே முக்காலி

மனைவியின் மூச்சுக்காக இரண்டு இயந்திரங்கள் வாங்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடுதான் லிஃப்ட் மெக்கானிக் அன்று காலை மைத்துனனின் வேனில் ஏறி உட்கார்ந்தார். முதலாவது, மேசைமேல் வைக்கக்கூடிய சிறிய திக்னஸர். சொரசொரப்பான பலகையை அதன் வாயில் கொடுத்தால் உருளைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே சுழலும் கத்திகள் அதை இழைத்து, முழு நீளத்துக்கும் ஒரே கனமாக மறுபக்கம் தள்ளும். இரண்டாவது, அந்த இழைப்பில் கிளம்பும் சீவலையும் தூளையும் விழுங்கிக்கொள்ளும் தூசி உறிஞ்சி. இதுநாள்வரை அவர் பலகையின் கனத்தை உப்புத்தாள் பட்டை ஓடும் கைமிஷினால் தேய்த்தே குறைத்துவந்தார். உப்புத்தாள் மரத்தை மாவாக்கும். கத்தி மரத்தைச் சீவலாக்கும். மாவு பறக்கும், சீவல் விழும். ஆகவே தேய்ப்பதை விட்டு இழைப்பதற்கு மாறினால் வீட்டின் காற்று தெளியும். காற்று தெளிந்தால் அவள் திரும்பி வருவாள். பதினோரு வாரங்களாக இந்த வாதத்தை அவர் மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஓர் ஓட்டைகூட அவர் கண்ணுக்குப் படவில்லை.

அந்தப் பதினோரு வாரங்களாக அவள் தன் அக்கா வீட்டில் இருந்தாள். மாடிப்படி ஏறும்போது தொடங்கிய மூச்சிரைப்பு, பிறகு சமதரையில், பிறகு படுக்கையில் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. நெஞ்சு மருத்துவர் முதலில் புறா வளர்க்கிறீர்களா என்று கேட்டார். கிளி? கோழி? பூஞ்சை பிடித்த சுவர்? எதற்கும் இல்லை என்றே பதில் வந்தபோது, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். பின்கட்டு அறையில் மரவேலை என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். நுரையீரல் இறுகத் தொடங்கியிருக்கிறது, இறுகிய இடம் இனி இளகாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். பட்டறையை மூட வேண்டும், அல்லது முறையாகச் சீரமைக்க வேண்டும். அதுவரை அவள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

மூடிவிடுகிறேன் என்று அவர் சொன்னபோது தடுத்தவள் அவள்தான். "மூடாதீங்க. மூடிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அதுக்கு இந்த வியாதியே தேவல."

வேன் சந்தடியான தெருவுக்குள் திரும்பியது. அவளுடைய தம்பி கூரியர் வேன் ஓட்டுபவன். பார்சல்களுக்கு நடுவே பிறந்தவன் போல எந்த நேரமும் பேசுவான்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுப்பேன். கேளு."

"முப்பத்தஞ்சு கிலோ மிஷினத் தூக்கறதுக்கு என்னக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல என் வாய்க்காகவா?"

"தூக்கத்தான் மாப்ள. வாய வேன்லயே வெச்சுட்டு வா."

கடை நீளமாகவும் இருட்டாகவும் இருந்தது. இருபுறமும் துளையிடும் மிஷின்கள், ரம்பங்கள், பிரிக்காத அட்டைப்பெட்டிகள். கடையை நடத்தும் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிற மேலங்கி. கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. வாடிக்கையாளரை உட்காரச் சொல்வதற்கு முன்பே பலகையின் அளவைக் கேட்டுவிடும் பழக்கம்.

"எத்தன இஞ்ச் அகலம்?"

"பெரும்பாலும் பத்து. சிலது பதினொண்ணு."

"அப்போ பன்னெண்டரை இஞ்ச் மிஷின் போதும். வீட்டுக்குள்ளயா வேல?"

"பின்னாடி ரூம்."

"அக்கம்பக்கம் சண்டைக்கு வருவாங்களா?"

"இன்னும் வரல."

"இதுக்கப்புறம் வருவாங்க." அம்மாள் முதல் இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். இரண்டு நீளமான கத்திகள். "இது ஊரக் கூட்டும்." பக்கத்து இயந்திரத்தைத் திறந்தார். உருளையைச் சுற்றித் திருகுபோல வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரக் கத்திகள். "இது கொஞ்சம் அடக்கமா பேசும். ஒரு மூலை மழுங்கினா கத்தியத் திருப்பி வெச்சுக்கலாம். நாலு மூலை இருக்கு."

லிஃப்ட் மெக்கானிக் குனிந்து மேசைத் தட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார்; உயர்த்தும் பிடியைச் சுழற்றினார். எங்கே ஆடுகிறது, எங்கே இறுகுகிறது என்பதை விரல்நுனியால் அறிவது அவருடைய தொழில். நின்றுபோன லிஃப்டுகளில் மாட்டிக்கொண்டவர்களை இருபத்திரண்டு ஆண்டுகளாக வெளியே எடுத்து வருபவர் அவர்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் அந்த அம்மாள். "கோணிக்கிட்டு இருக்கற பலகைய இது நிமித்தாது. உருளை அமுக்கறப்போ நேரா நிக்கும். வெளிய வந்ததும் பழையபடி கோணிக்கும். ஒரு பக்கத்த நீங்க கையால சமமாக்கிட்டுத்தான் உள்ள விடணும்."

"எங்க குடும்பத்துல நெறையப் பேர் இப்படித்தான் மேடம்," என்றான் மைத்துனன். "அமுக்கற வரைக்கும் நேரா இருப்பாங்க."

அம்மாள் சிரித்தார். அவரும் சிரித்தார். பதினோரு வாரங்களில் ஏறக்குறைய முதல் சிரிப்பு அது. சதுரக் கத்தி மிஷினையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வாங்க வந்ததில் பாதி முடிந்தது என்று மைத்துனன் கைகளை உதறிக்கொண்டான்.

"தூசிக்கு இப்போ என்ன வெச்சிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் ஆயத்தமாகவே வந்திருந்தார். சொல்லப்போனால் சற்றுப் பெருமையோடு. மரத்தூளால்தான் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் பட்டறையில் ஏற்கெனவே இருந்த பழைய உறிஞ்சிதான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அதை வாங்கிவிட்டார். அக்கறையில்லாதவனாக அவர் இருந்ததில்லை. அதுவும் இல்லாமல் போயிருந்தால் அவள் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறார். கைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டினார்.

படத்தில் ஒரு மோட்டார். அதன்மேல் ஆள் உயரத்துக்கு ஊதி நிற்கும் வெள்ளைத் துணிப்பை. பைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் அச்சுப்படிகள், காதோரம் சிவப்புப் பேனா. அவள் அச்சகங்களுக்குப் பிழை திருத்துபவள். பள்ளிப் பாடநூல், மருந்துச்சீட்டு, குக்கரோடு வரும் கையேடு என்று எது வந்தாலும் வீட்டிலேயே திருத்திக் கொடுப்பாள். பட்டறைச் சத்தத்தில்தான் தனக்குக் கவனம் கூடுகிறது என்பது அவள் கட்சி. ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும் தாளை ஒருமுறை ஊதிவிட்டுத்தான் படிப்பாள். படத்தில் அவள் முதுகை அந்தப் பையில் சாய்த்து, தலையணைமேல் சாய்ந்தவளைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாள் கழுத்திலிருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"வீட்டுல."

"இங்கதான் உக்காருவாங்களா?"

"ஆமா. லீவு நாள் பூரா. மத்த நாள் சாயங்காலம்."

"எத்தன வருஷமா?"

"நாலு." அம்மாளின் குரலில் வந்த மாற்றம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஏன்மா?"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். கடையின் பின்புறத்துக்கு அவர்களை அழைத்துச் சென்றார். அங்கே அதேபோன்ற ஒரு துணிப்பை, பழுதுக்கு வந்த ஒரு மோட்டாரின்மேல் தொங்கியது. ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு கைவிளக்கைப் பையின் ஓரமாகப் பிடித்தபடி மோட்டாரைப் போட்டார். பை ஊதியது. துணியின் இழைகளுக்கு நடுவிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பியது. புகையென்று சொல்ல முடியாத அளவுக்கு மெல்லியது; வெளிச்சத்தின் பாதையில் மட்டும் உயிர்பெற்று, வெளிச்சத்தைத் தாண்டியதும் இல்லாமல் போயிற்று. மோட்டாரை நிறுத்திய பிறகும் அது இறங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சுழன்றது.

"இந்தப் பை சீவலப் பிடிக்கும். பெரிய தூளப் பிடிக்கும். தர சுத்தமா இருக்கும்," என்றார். மேற்கொண்டு சொல்வதற்குத் தயங்கினார். "நெஞ்சுக்குள்ள போறது ரொம்பப் பொடி சார். அத இது பிடிக்காது. ரூம்ல இருக்கறத எல்லாம் இழுத்து, பெருச மட்டும் வெச்சுக்கிட்டு, பொடிய ஆள் தல உயரத்துக்கு ஊதிவிடும். ரூம் முழுக்க இருக்கும்தான். ஆனா இந்தப் பை பக்கத்துல..."

மைத்துனன் கைபேசியை வாங்கி அந்தப் படத்தை மறுபடி பார்த்தான்.

அந்த முக்காலியை அவர்தான் செய்தார். கோடைக்காலத்து ஒரு பிற்பகல். அவள் கதவோரம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிச்சமிருந்த கட்டைகளில் ஒரு மணி நேரத்தில் மூன்று கால் பூட்டி, அறையைச் சுற்றிக் கையை நீட்டி நீட்டிப் பார்த்து, எந்த இடத்தில் காற்று நன்றாகப் படுகிறது என்று தேடினார். பையின் அருகில்தான் மென்மையான காற்று எப்போதும் வந்துகொண்டிருந்தது. முக்காலியை அங்கே வைத்தார். இங்க உக்காரு, காத்து வரும் என்றார். அவள் எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

"இப்போ ரெண்டு வழி இருக்கு," என்றார் அம்மாள், சற்று வேகமாக, அவர் முகத்தைப் பார்க்காமல். "ஒண்ணு, துணிக்குப் பதிலா மடிப்பு மடிப்பா ஃபில்டர் இருக்கறது. பொடியயும் பிடிக்கும். அடக்கமா ஒரு மூலைல நிக்கும். இன்னொண்ணு பெருசு. தூளச் சுழட்டி டிரம்ல தள்ளிட்டு, காத்த அப்படியே குழாய்ல வீட்டுக்கு வெளிய அனுப்பிடும். செவுத்துல ஓட்டை போடணும். எது வேணும்னு வீட்டுல கலந்து சொல்லுங்க. அவசரமில்ல."

இரண்டின் விளக்கத் தாள்களையும் அவர் கையில் கொடுத்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. கையிலேயே பிடித்தபடி வெளியே வந்தார். திக்னஸரை மைத்துனனும் கடை ஆளும் வேனில் ஏற்றினார்கள்.

மூன்று தெரு கடக்கும்வரை மைத்துனன் வாயைத் திறக்கவில்லை. பிறகு வேனைச் சட்டென்று ஓரமாக நிறுத்தினான்.

"எங்கக்காவக் கொண்டுபோய் அந்தப் பைக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருக்கீங்க மாமா."

"ஆமா."

"ஆமாங்கறீங்க!"

"வேற என்னடா சொல்லச் சொல்ற?"

அவன் ஸ்டியரிங்கைக் கையால் அடித்தான். ஹாரன் அலறியது, சாலையில் போன ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பித் திட்டிவிட்டுப் போனார். இருவரும் அந்தத் திட்டை அமைதியாக வாங்கிக்கொண்டார்கள்.

"அவகிட்ட சொல்லணும்," என்றார் அவர்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அவ நெஞ்சு அது. அவளுக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணுவா? நீங்க சொல்லுவீங்க, அழுவீங்க. உடனே அவ உங்களத் தேத்த ஆரம்பிப்பா. உங்களுக்கென்ன தெரியும், நீங்க வேணும்னேவா பண்ணீங்கன்னு. எங்கக்காவ எனக்குத் தெரியாதா? நாலு வார்த்த பேச ரெண்டு தடவ மூச்சு வாங்கறவ, அந்த மூச்ச உங்களத் தேத்தறதுக்கா செலவு பண்ணணும்? மனசு கனக்குதுன்னா நீங்களே வெச்சுக்குங்க மாமா. அவமேல எறக்காதீங்க."

இத்தனை கூர்மையாக அவன் பேசி அவர் கேட்டதில்லை. சரி, சொல்லவில்லை என்று தலையசைத்தார். அந்த நொடியில் அது உண்மையாகவே அவருடைய முடிவாக இருந்தது.

மனைவியின் அக்கா வீடு மூன்றாவது மாடி. மைத்துனன் வேனிலேயே இருந்துகொண்டான். கதவைத் திறந்த அக்கா, "வாங்க தம்பி, காலைலேருந்து உங்க மிஷின் பேச்சுதான். எனக்கே இப்போ பலக இழைக்க வரும்போல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தாள். கட்டிலுக்கடியில் ஆக்ஸிஜன் மிஷின் சீரான இடைவெளியில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த மெல்லிய குழாய் இரு காதுகளையும் சுற்றி மூக்கில் முடிந்தது. அவரைக் கண்டதும் அவள் கையை நீட்டினாள். கைக்காக அல்ல, தாள்களுக்காக.

"குடுங்க. என்ன சொன்னாங்க?"

"திக்னஸர் வாங்கியாச்சு. சின்னச் சின்னக் கத்தி வெச்சது. சத்தம் கம்மி."

"சத்தம் கம்மியா? அப்போ இனிமே நான் பேசறது காதுல விழலன்னு சொல்ல முடியாது." மூச்சு வாங்கினாள். கண்கள் சிரித்தன. "தூசிக்கு?"

"ரெண்டு இருக்கு. நீ சொல்லு."

"நான் சொல்றேன். ஆனா எதுவா இருந்தாலும்..." மீண்டும் நிறுத்தினாள். "என் முக்காலி பழைய எடத்துலயே இருக்கணும். டாக்டர் சரின்னதும் வந்து உக்காந்துப்பேன். இங்க ஃபேன் காத்து மூஞ்சில அறையுது. அந்தக் காத்து மாதிரி வராது."

மறைப்பது என்பது ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது மட்டும்தான் என்று வேனில் அவர் நினைத்திருந்தார். அவள் அந்தக் காற்றுக்கு ஏங்குவாள் என்பதையும், அதற்குத் தாம் தலையாட்ட வேண்டியிருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்கவில்லை. தலையாட்ட முயன்றார். கழுத்து அசையவில்லை.

"என்ன?" என்றாள் அவள்.

அவர் சொன்னார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி, கைவிளக்கு வெளிச்சத்தில் கண்டதிலிருந்து தொடங்கினார். துணியின் இழை, தலை உயரம், நான்கு ஆண்டு. முக்காலியை அங்கே வைத்தது தாம்தான் என்பதையும், அவளுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், புதிதாக ஒப்புக்கொள்பவரைப் போலச் சொன்னார். அழவில்லை. மைத்துனனுக்குக் கொடுத்த வாக்கில் அதையாவது காப்பாற்றினார்.

அவள் தேற்றவில்லை. கட்டிலுக்கடியில் மிஷின் ஏழெட்டு முறை பெருமூச்சு விட்டது.

"அந்தப் பழைய மிஷினோட," என்றாள், "படிக்கிறதுக்கு எதுனா வந்துச்சா? இந்த மாதிரித் தாள்?"

"வந்துச்சு."

"இந்தப் பை இவ்ளோதான் பிடிக்கும்னு... அதுல போட்டிருந்துச்சா?"

"போட்டிருக்கும். நான் பாக்கல. வழவழன்னு நல்ல தாளா இருந்துச்சு. பசை பூசறப்போ மேசைல ஒட்டாதுன்னு பலகைக்கு அடியில விரிச்சேன்."

அவள் கண்களை மூடினாள். திறந்தபோது குரல் உயரவில்லை. உயர்த்துவதற்கு அவளிடம் எதுவும் இருக்கவில்லை.

"என்கிட்ட குடுத்திருக்கலாமே."

அவர் அவள் மடியிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

"நாலு வருஷம். உங்க பக்கத்துலயே. ஊர்ல உள்ளவன் எழுதினதெல்லாம்... குக்கர் மூடிய எப்படித் தொறக்கறதுன்னு எழுதினதக்கூட... ஒரு வரி விடாம படிச்சேன்." மூச்சுக்காகக் காத்திருந்தாள். "அந்த ஒரு தாள என் மடில போட்டிருந்தா போதும். நான் படிச்சிருப்பேன்."

"தோணல," என்றார். அதைவிடச் சிறிய சொல்லும் அதைவிட உண்மையான சொல்லும் அவருக்குக் கிடைக்கவில்லை.

"தெரியும். உங்களுக்குத் தோணாது."

அக்கா வாசலில் வந்து நின்று இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவள் மடியிலிருந்த தாள்களை எடுத்தாள். முதல் தாளை மேலிருந்து கீழாக, விரலை வரிக்கடியில் நகர்த்திக்கொண்டே படித்தாள்; அட்டவணையை இரண்டு முறை படித்தாள்; அடியில் எறும்பு வரிசைபோல இருந்த பொடி எழுத்தையும் விடவில்லை. பின்பு இரண்டாவது தாள். இடையிடையே கண்ணை மூடி ஓய்வெடுத்தாள். முக்கால் மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் எதையும் இத்தனை மெதுவாகப் படித்து அவர் பார்த்ததில்லை.

"பெருசு," என்றாள் கடைசியில். "வெளிய குழாய் போறது. அதான் உங்களுக்குச் சரி. ஃபில்டர் வெச்சதுன்னா நீங்க சுத்தம் பண்ண மாட்டீங்க. அடச்சுக்கும்."

"எனக்கா?"

"நீங்களும் அங்கதானே நின்னீங்க நாலு வருஷம்? நாளைக்குப் போய் உங்க நெஞ்சயும் காட்டுங்க. படம் எடுக்கச் சொல்லுங்க." தாள்களைச் சேர்த்து அவரிடம் நீட்டினாள். "ஒரு விஷயம். குறுக்க பேசாதீங்க. ஒரே மூச்சுல சொல்ல முடியாது."

அவர் தலையசைத்தார்.

"நான் இங்கயே இருக்கேன். டாக்டர் சரின்னாலும்." ஒரு மூச்சு. "அங்க வந்தா அந்த ரூமப் பாக்கணும். பாத்தா உங்கமேல கோவம் வரும். கோவப்பட்டுச் சண்ட போட்டு, அப்புறம் சமாதானமாகி... அதுக்கெல்லாம் எனக்கு மூச்சு பத்தாது." இன்னொரு மூச்சு. "இருக்கறத வெச்சு இருந்துக்கறேன். நீங்க ஞாயித்துக்கிழம வாங்க. வந்து என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் கேட்கவில்லை. எழுந்தபோது அவள் கையைத் தொடலாமா என்று ஒரு கணம் நின்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, அடுத்த மூச்சை இழுப்பதில் முழுக்கவனமாக இருந்தாள்.

கீழே மைத்துனன் வேன் கதவில் சாய்ந்து நின்றான். பின்னால் திக்னஸர் பெட்டியோடு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

அவன் பற்களைக் கடித்துக்கொண்டான். ஆனால் திட்டவில்லை. அவருக்காகக் கதவைத் திறந்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். சாவியைத் திருகுவதற்குமுன் கேட்டான்:

"வீட்டுக்கு எப்போ வர்றாளாம்?"

"குழாய் நாலு மீட்டர் வேணும்," என்றார் அவர். "செவுத்துல ஓட்டை போடணும். ஆறு இஞ்சுக்கு."

மைத்துனன் சாவியைத் திருகினான். பிறகு வண்டியைக் கடை இருந்த பக்கமாகத் திருப்பினான்.